நாலு பக்கமும் நின்ற ஞாயிற்றுக்கிழமை

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு நாற்பதுக்கு, அயோவா மாநிலத்தின் நடுவயிற்றில், மக்காச்சோளத்தைத் தவிர வேறெதற்கும் மண்ணே இடம் கொடுக்காத பிளம் ஹாலோ என்ற ஊருக்கு ஒன்றரை மைல் மேற்கே, நாலு வண்டிகள் நாலு திசையிலிருந்து ஒரே நொடியில், நாலு பக்கமும் 'நில்' பலகை வைத்த ஒரு நாற்சந்திக்கு வந்து நின்றன, நாலு ஓட்டுநர்களும் ஒரே நொடியில் கையை நீட்டி "நீங்க மொதல்ல போங்க" என்று காட்டினார்கள், அதோடு சூரியனும் நின்றுவிட்டது.

அதில் ஒரு வண்டி எங்களுடையது. ஓட்டியவர் என் அப்பா சென்னியப்பன், கோபிச்செட்டிபாளையத்துக்காரர், பஸ்ஸில் தன் காலை மிதித்தவனிடம் "கால் வச்ச எடம் செரியில்லீங்களா?" என்று கேட்கிற வம்சம். பக்கத்தில் என் அம்மா மங்கையர்க்கரசி. பின்னால் நான், பொன்னி, வயது பதினைந்து. யார் பேசினாலும் ஒரு தடவை கேட்டால் போதும், அந்தக் குரல் என் தொண்டையில் குடிவந்துவிடும், வாடகையும் கேட்காமல் வைத்துக்கொள்வேன். இதனால் பள்ளியில் மூன்று முறை தீயணைப்பு ஒத்திகை நடந்திருக்கிறது. பிரின்சிபால் அறிவித்தது ஒரு தடவைதான்.

ஒமாஹாவில் அப்பாவின் கல்லூரித் தோழர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டு, சிகாகோ பக்கத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். காலை ஆறு மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு, ஆறு மணிக்குச் செருப்பும் மாட்டினோம், ஆனால் வாசலில் நின்று "வர்றோமுங்க" என்று அப்பா சொல்ல, "காபி குடிக்காமயா?" என்று அவர்கள் சொல்ல, குடித்துவிட்டு மறுபடி "வர்றோமுங்க" என்று சொல்ல, "வழிக்குப் புளியோதரை கட்ட வேண்டாமா?" என்று அவர்கள் சொல்ல, பத்து மணிக்குத்தான் வண்டிக்கதவு சாத்தப்பட்டது, அதற்கப்புறமும் ஜன்னல் வழியாக இருபது நிமிடம். நெடுஞ்சாலையில் ஏதோ பாலம் பழுது என்று ஆரஞ்சுப் பலகை எங்களைச் சோளக்காட்டுக்குள் திருப்பிவிட்டது. சோளம் முழங்கால் உயரம் இருந்தது. வானம் பெரிதாக இருந்தது. அம்மா நாலு நிமிடத்துக்கு ஒருமுறை போனில் மணி பார்த்தாள்.

அவள் பார்த்ததற்குக் காரணம் இருந்தது. அம்மா தஞ்சாவூரில் நுண்ணுயிரியல் படித்து, தங்கப்பதக்கம் வாங்கி, அப்பாவின் விசாவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தவள். அந்த விசாவில் மூச்சு விடலாம், சமைக்கலாம், வேலை செய்யக் கூடாது. பதினோரு வருடம் அவள் சமைத்தாள். போன மாதம் வேலை அனுமதி அட்டை தபாலில் வந்தது, ஒரு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இடமும் கிடைத்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து சேர வேண்டும், வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அந்தக் கடிதத்தை அவள் எவ்வளவு தடவை மடித்துப் பிரித்தாளோ, மடிப்பில் எழுத்து தேய்ந்துபோயிருந்தது.

இப்போது அந்த நாற்சந்தி. எங்களுக்கு எதிரே, கிழக்கிலிருந்து, ஒரு துருப்பிடித்த பிக்கப் வண்டி. அதில் வெர்லின் என்ற எண்பத்திரண்டு வயது விவசாயியும் அவர் மனைவி டோனாவும். வடக்கிலிருந்து பிளம் ஹாலோ தேவாலயத்தின் போதகர், பாஸ்டர் ஜூடி அம்மாள், ஒரு வெள்ளை வேனில். தெற்கிலிருந்து டுவெய்ன் என்ற மீசைக்காரர், அறுபது பன்றிகளோடு ஒரு லாரியில். அவர்கள் எல்லாரும் இங்கிலீஷில்தான் பேசினார்கள். ஆனால் என் காதில் அது அச்சு அசலாக அப்பா ஊர்ப் பேச்சாகத்தான் விழுந்தது, அந்த இழுவை, அந்தப் பணிவு, எதையும் நேராகக் கேட்காத அந்தச் சுற்று. ஆகவே அப்படியே எழுதுகிறேன், எதையும் கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை.

"ஏனுங்க, தூரத்துல இருந்து வர்றாப்ல தெரியுது. நீங்க முந்திப் போங்க" என்றார் வெர்லின், தலையை வெளியே நீட்டி.

"பெரியவங்க நீங்க நிக்கையில நாங்க போறதுங்களா?" என்றார் அப்பா.

"பாஸ்டரம்மாவ உடுங்கப்பா" என்றார் டுவெய்ன்.

"ஜீவன்கள வெயில்ல நிறுத்தி வெச்சிட்டு நான் போகமாட்டனுங்க" என்றார் பாஸ்டர் அம்மாள், பன்றிகளைக் காட்டி.

ஓட்டுநர் தேர்வுக்காகச் சாலை விதிப் புத்தகத்தை மனப்பாடம் செய்தவள் அம்மா. "ஒரே நேரத்துல வந்தா வலப்பக்கம் இருக்கிறவங்க முதல்ல போகணும்" என்றாள். வலப்பக்கம் பார்த்தோம், டுவெய்ன். டுவெய்னுக்கு வலப்பக்கம் வெர்லின். வெர்லினுக்கு வலப்பக்கம் பாஸ்டர். பாஸ்டருக்கு வலப்பக்கம் நாங்கள். விதி வட்டமாக ஓடி வந்து எங்கள் காலடியிலேயே படுத்துக்கொண்டது.

"பின்னாடி எடுத்து வேற வழியா போலாங்க" என்றாள் அம்மா.

"அதெப்படி மங்கை, போங்கன்னு சொல்லிப்போட்டு நாம பின்னால போனா, அவங்க மனசு என்னாவுறது?"

அரைமணி நேரம் என்று நினைத்தது ஒரு தூக்கம் ஆனது, ஒரு தூக்கம் மூன்று தூக்கம் ஆனது. தூங்கி எழுந்த கணக்கில்தான் சொல்ல முடியும், ஏனென்றால் எழுந்து பார்க்கும்போதெல்லாம் மணி இரண்டு நாற்பது, சூரியன் ஆணியடித்த மாதிரி அதே இடத்தில், வண்டித்திரையில் வீட்டுக்கு இன்னும் நாலு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். சோளம் மட்டும் யாரையும் கேட்கவில்லை. அது வளர்ந்தது. இடுப்பு வந்தது, தோள் வந்தது, வண்டியின் கூரை வந்தது, நாற்சந்தி நாலு பச்சைச் சுவர் வைத்த ஓர் அறையாகி, காற்று வெளியிலேயே நின்றுவிட்டது. ராத்திரி இல்லாத ஊரில் தூங்குவதற்காக வேட்டியையும் போர்வையையும் ஜன்னலில் செருகிக்கொண்டு, அந்த மஞ்சள் இருட்டுக்குள், நாங்கள் மூன்று பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்டு கிடந்தோம்.

பிளம் ஹாலோவுக்கு இது பெரிய விஷயமாகப் படவில்லை. முதல் தூக்கம் முடிந்ததும் ஊர்ப் பெண்கள் வந்தார்கள், கண்ணாடிப் பாத்திரங்களோடு. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் டின்னில் வந்த காளான் சூப்பும் அடுப்புக்குள் ஒன்றாய்ப் போய் ஒரே நிறமாய்த் திரும்பி வந்திருந்தன. "ஒண்ணும் பெருசா இல்லீங்க, இருந்தத வெச்சுப் பண்ணுனது" என்று நீட்டினார்கள். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரும் வழக்கம் அம்மாவுக்கு இல்லை. புளியோதரையை வைத்துத் தந்தாள். வெறுமையாகத் திருப்பித் தரும் வழக்கம் அவர்களுக்கும் இல்லை. ஆப்பிளை மாவுக்குள் வைத்துச் சுட்ட ஆப்பிள் பை வந்தது. அப்புறம் அம்மா தேவாலயத்துச் சமையலறைக்கு நடந்துபோய்க் கேசரி கிண்ட வேண்டியதாயிற்று, அது எலுமிச்சைக் கேக்காகத் திரும்பியது, இப்படியே பதினாலு பாத்திரங்கள் அவள் கழுத்தைச் சுற்றிக்கொண்டன. பதினோரு வருடச் சமையலிலிருந்து தப்பிக்கக் கிளம்பியவள், கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள்.

ஊர் பழகிக்கொண்டது. ஞாயிறு முடியாததால் நாற்சந்தியிலேயே ஆராதனை திரும்பத் திரும்ப நடந்தது, ஆறாவது முறை பாஸ்டர் அம்மாளுக்குச் சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லாமல், வேனின் மேல் ஏறி நின்று, எல்லாரும் நல்லா இருங்க என்று மட்டும் சொல்லி இறங்கினார். திங்களிலிருந்து சிகரெட்டை விடுவதாக மனைவிக்குச் சத்தியம் செய்த ஓர் ஆள் சந்தோஷமாக ஊதிக்கொண்டு திரிந்தான். திங்களிலிருந்து உணவுக் கட்டுப்பாடு என்றிருந்த இரண்டு அக்காமார் எங்கள் வண்டி மறைவில் உட்கார்ந்து ஆப்பிள் பை தின்றார்கள். திங்கட்கிழமை இறைச்சிக்கூடத்துக்குப் போகவேண்டிய அறுபது பன்றிகளும் கொழுத்துக் கனத்து, லாரியே ஒருபக்கம் சாய்ந்தது. டுவெய்ன் அதுகளுக்குப் பெயர் வைக்கத் தொடங்கியிருந்தார், இது நல்லதல்ல என்று அவருக்கே தெரிந்தது. கடைகள் திறக்கவில்லை, தபால் வரவில்லை, மற்ற ஊர்களில் என்ன கிழமை என்று யாருக்கும் தெரியவில்லை. சோளத்துக்குள் சிக்னலும் இல்லை. யாரும் எங்களைக் குறை சொல்லவில்லை. அதுதான் மூச்சை முட்டியது. ஒருவராவது ஹாரன் அடித்துக் கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம். வந்து நின்று, வானத்தைப் பார்த்து, "வெயில் நல்லாத்தான் அடிக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்பாவுக்கு அங்கே பிடித்துப்போய்விட்டது என்பதை எழுதத்தான் வேண்டும். ஆளுக்கொரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து டுவெய்னோடு மழையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் பேசினார். ஆபீஸில் இருபது வருடமாக அவர் பேசிய பேச்சையெல்லாம் கூட்டினாலும் அவ்வளவு வராது.

"ஞாயித்துக்கிழம முடியாம திங்கக்கிழம எப்படி வரும் மங்கை? உன் வேல எங்கயும் போயிறாது" என்றார்.

"அதாங்க பயமா இருக்கு" என்றாள் அம்மா. "எதுவுமே எங்கயும் போகல."

சரி, நான் கைகொடுக்கலாம் என்று இறங்கினேன். முதலில் வண்டியின் வழிகாட்டிப் பெண்ணின் குரலில், "முன்னூறு அடி நேராகச் செல்லவும்" என்றேன். அப்பா திரையைப் பார்த்து, "செரிங்க, அவங்க போனதும் போயிடறோம்" என்று அவளிடமும் பணிவாகச் சொன்னார். அப்புறம் டுவெய்னின் லாரி ரேடியோவைக் கடன் வாங்கி, ஒலிபெருக்கியில், ஷெரிப் என்கிற போலீஸ் அதிகாரியின் கரகரத்த குரலில், "நாற்சந்தியில நிக்கிற அத்தனை பேரும் வண்டிய எடுக்கோணும், இப்பவே, இது உத்தரவு" என்று முழங்கினேன். நாலு வண்டியும் ஒரே நொடியில் ஒரு அடி நகர்ந்தன. நாலும் ஒரே நொடியில் நின்றன. நாலு ஜன்னலும் இறங்கின. "அய்யோ மன்னிச்சுக்குங்க, நீங்க வர்றத பாக்கல, போங்க போங்க." மன்னிப்புக் கேட்டு முடிக்க ஒரு தூக்கம் ஆனது. நிஜ ஷெரிப் சைக்கிளில் வந்து, உத்தரவு போட்டதற்காகத் தானும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார், போட்டது தானில்லை என்று சொல்வது மரியாதையாக இருக்காதென்று.

கடைசியில் ஆளுக்கொரு குரலாகப் போவதென்று முடிவு செய்து, வெர்லினின் பிக்கப்புக்குப் பின்னால் சோளத்துக்குள் பதுங்கி, பாஸ்டர் ஜூடி அம்மாளின் தேன் குரலில் பேசினேன். "வெர்லின், நீங்க போனா என்னங்க? எல்லாருக்கும் வழி பொறக்குமில்ல?"

அவர் திரும்பவில்லை. கொஞ்சநேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் டோனா பாட்டி ஜன்னலில் கன்னம் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். விழித்திருந்தால் அவர் கேட்பது ஒரே கேள்வி: "நாம எங்கீங்க போறோம்?" வெர்லினும் ஒரே பதில்தான் சொல்வார்: "ஊட்டுக்குத்தான் கண்ணு."

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு இவள முதியோர் இல்லத்துல கொண்டுபோய் விடோணுமுங்க" என்றார் அவர். "எனக்கும் முடியறதில்ல. போன மாசம் குளிக்கத் தூக்கறப்ப ரெண்டு பேரும் சேந்தாப்ல உழுந்துட்டோம். அப்படியே தரையில மத்தியானம் வரைக்கும் கெடந்தோம். கையெழுத்துப் போட்டாச்சு, பெட்டியும் கட்டியாச்சு. கடைசியா ஒரு ரவுண்டு காட்டுப்பக்கம் கூட்டிட்டுப் போலாம்னு வந்தனுங்க. மத்தவங்கெல்லாம் மரியாதைக்கு நிக்கறாங்க. நான் அதுக்கு நிக்கலீங்க."

பாஸ்டர் குரல் சொல்லவேண்டிய பதிலை நான் கேட்டுப் பழகியிருக்கவில்லை. சோள இலை கையைக் கிழிக்கக் கிழிக்க எங்கள் வண்டிக்கு ஓடிவந்தேன்.

அதை நான் இரண்டு தூக்கம் வரை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகுமென்று எனக்குத் தெரியும்: பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பவள், கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்காருபவள், அந்த மனிதருக்காக அங்கேயே குடித்தனம் போட்டுவிடுவாள். சொல்லாமல் இருந்தால் ஒருவேளை எரிச்சலில் கிளம்பிவிடுவாள். ஆனால் அவள் பதினைந்தாவது பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு, கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, எடுத்ததும் அது மடிப்பில் இரண்டாகக் கிழிந்து, இரண்டு துண்டையும் ஈரக்கையோடு பிடித்தபடி நின்றதைப் பார்த்தபோது, என்னால் அடக்க முடியவில்லை. வெர்லின் சொன்னதை எல்லாம் சொன்னேன், அவர் குரலிலேயே, வேறு எப்படிச் சொல்வதென்று தெரியாமல்.

அம்மா துண்டுகளைப் பாத்திரத்துக்குள் வைத்தாள். நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். பிக்கப்பின் ஜன்னலருகே போய் நின்றாள்.

"எம்பொண்ணு உங்களை ஏமாத்திட்டா. பாஸ்டர் மாதிரி பேசினது அவதான்."

"தெரியுமுங்க" என்றார் வெர்லின். "பாஸ்டரம்மா வேன்ல வாயத் தொறந்து தூங்கிட்டிருந்தத பாத்துக்கிட்டேதான் பேசுனேன். யாருகிட்டயாச்சும் சொல்லோணும்ல. புள்ள நல்லாத்தான் பேசுது." என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்குச் சோளத்துக்குள் புதைந்துகொள்ளலாம் போலிருந்தது.

டோனா பாட்டி விழித்து, "நாம எங்கீங்க போறோம்?" என்றார்.

வெர்லின் பாட்டியின் சீட்பெல்ட்டைச் சரிசெய்தார்.

அம்மா கையை ஜன்னலுக்குள் விட்டு, பாட்டியின் நெற்றியில் வியர்வையில் ஒட்டியிருந்த வெள்ளை முடியை ஒதுக்கிவிட்டாள். அப்புறம் வெர்லினிடம், "நான் போகப்போறேங்க" என்றாள். "நான் போனா உங்க நாளைக்கும் வந்துடும். தெரிஞ்சுதான் சொல்றேன்."

"கொஞ்ச நேரம் குடுங்களேன்" என்றார் அவர். "ஒரு பத்து நிமிசம்."

என் அம்மா யாருக்கும் இல்லையென்று சொல்லி நான் கேட்டதில்லை. "இங்கதான் நேரமே ஓடலையே. எதை எடுத்துக் குடுப்பேன்?" என்றாள். கையைக் கூப்பவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

வெர்லின் நீளமாக மூச்சு விட்டார். அது சிரிப்பா என்று எனக்கு இன்னும் தெரியாது. "அதுவும் செரிதானுங்க" என்றார்.

அம்மா திரும்பி வந்து ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். அப்பா நாற்காலியிலிருந்து பதறி எழுந்து ஓடிவந்தார்.

"மங்கை, என்ன பண்றே? நெடும்பாதை நீ ஓட்டுனதில்ல. அவங்க மொதல்ல போகட்டும், அப்பறம் நாம..."

"பதினோரு வருஷமா அவங்கதாங்க போயிட்டிருக்காங்க. ஏறுங்க."

அப்பா பின்சீட்டில் என் பக்கத்தில் ஏறினார், பிறந்ததிலிருந்து அங்கேதான் உட்கார்ந்து பழக்கம் என்பது போல. அம்மா இருக்கையை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைச் சரிசெய்தாள். பாஸ்டர் அம்மாள் கண்விழித்து, வழக்கம்போலக் கையை நீட்டினார்: நீங்க போங்க. டுவெய்ன் நீட்டினார். வெர்லின் நீட்டவில்லை, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தார். ஊரே சோளத்தோரம் வந்து நின்றது, பாத்திரங்களோடு. இவ்வளவு மரியாதை கெட்ட ஒன்றை அவர்கள் நேரில் பார்த்ததில்லை என்று முகத்திலேயே தெரிந்தது, அதே முகத்தில், அடியில், எவ்வளவு நாளாய்க் காத்திருந்தார்கள் என்பதும் தெரிந்தது.

அம்மா கால் வைத்தாள்.

வண்டி நாற்சந்தியின் நடுவைக் கடக்கும்போது காற்று உள்ளே வந்தது. அத்தனை தூக்கத்துச் சோளமும் ஒரே சமயத்தில் சலசலத்தது. மணி இரண்டு நாற்பத்தொன்று, ஞாயிறு, திரையில் நாலு மணி ஐம்பத்தொரு நிமிடம். பின்கண்ணாடியில் பார்த்தேன். நாங்கள் விலகியதும் விதிக்குத் தலையும் வாலும் கிடைத்துவிட்டது: முதலில், வலப்பக்கம் காலியாகிவிட்ட பாஸ்டரின் வேன் தெற்கே போனது. அடுத்தது பிக்கப்பின் முறை. அது நின்றது. டுவெய்ன் காத்திருந்தார், பன்றிகள் காத்திருந்தன, ஊர் காத்திருந்தது. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை, அந்த ஊர்க்காரர்கள் செய்யக்கூடியது அதுதான், நன்றாகவும் செய்தார்கள். அப்புறம் துருப்பிடித்த அந்த முன்பக்கம் மெல்ல நகர்ந்து, மேற்கே, சாய்ந்துகொண்டிருந்த வெயிலுக்குள் போய்ச் சிறுத்தது.

அம்மாவின் விரல்கள் ஸ்டியரிங்கில் வெளுத்திருந்தன. ஒரு லாரி வந்தது, தாண்டினாள். இன்னொன்று வந்தது, அதையும் தாண்டினாள். கண்ணாடியில் அவள் முகத்தின் மேல் வெயில் இடம் மாறிக்கொண்டே இருந்தது, நெற்றியிலிருந்து கன்னத்துக்கு, கன்னத்திலிருந்து கழுத்துக்கு.

பின்சீட்டிலிருந்து அப்பா தொண்டையைச் செருமினார். "அந்த ஊருக்காரங்க நம்மள என்ன நெனச்சிருப்பாங்க?"

அம்மா இண்டிகேட்டரைப் போட்டு, நெடுஞ்சாலையில் ஏறி, வேகத்தைக் கூட்டினாள்.

"நெனச்சுக்கட்டும்" என்றாள்.